பாயிண்டில் கோச்சி நிற்காமல் ஓட

நேர்ப்பாதையில் ஒழுங்காக ஓடிவந்த மாதிரிக் கோச்சி, நிலையத்துக்குள் நுழைகையில் பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்டில் மட்டும் சட்டென்று நின்றுபோகும். விரல் நுனியால் லேசாகத் தட்டினால் மறுபடி கிளம்பும். வைத்திருப்பவர் எஞ்சினைக் கழற்றிப் பார்ப்பார், சக்கரத்தைத் துடைப்பார், துளி எண்ணெய் விடுவார். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் நிற்கும். பெரும்பாலும் எஞ்சின் மேல் ஒரு பிழையும் இருக்காது. பாயிண்டுக்கு அடியில் போக வேண்டிய இரண்டு மூன்று வயர்கள் போகாததுதான் காரணம்.

மலையகப் பாதையை மாதிரியாகச் செய்ய நினைப்பவர் பாயிண்டிலிருந்து தப்பவே முடியாது. 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் எட்டிய அந்த மெயின் லைன், மலையேறும் பகுதியில் ஒற்றைப் பாதை. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை என்று நிலையங்களுக்குள் வந்தால்தான் அது இரண்டாகப் பிரியும். எதிரெதிரே வரும் கோச்சிகள் அங்கேதான் விலகிப் போகும். ஆகவே மேசையளவு பலகையில் மிகச் சிறிய மலைநாட்டு நிலையத்தை அமைத்தாலும் இரு முனையிலும் ஒவ்வொரு பாயிண்ட் கட்டாயம் வேண்டும். சரக்குப் பெட்டிக்கு ஒரு பக்கப் பாதை வைத்தால் மூன்றாகிவிடும்.

பாயிண்ட் வாங்குமுன் அளவைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உண்மையான பாதையின் அகலம் ஐந்தரை அடி, அதாவது 1676 மிமீ. ஓஓ அளவில், 76.2க்கு ஒன்று என்று சுருக்கினால், அது 22 மிமீ ஆகும். கடையில் கிடைக்கும் ஓஓ தண்டவாளம் 16.5 மிமீதான். இந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டு தயார்நிலைத் தண்டவாளத்தில் ஓட்டுவதே புதியவருக்குச் சுகம். 22 மிமீ வேண்டுமென்றால் ஒவ்வொரு பாயிண்டையும் கையாலேயே கட்ட வேண்டியிருக்கும். வளைவிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. மலைப்பாதையின் மிக இறுக்கமான வளைவு ஐந்து சங்கிலி ஆரம், ஏறத்தாழ 100 மீட்டர். ஓஓ அளவில் அது 1.32 மீட்டர். பீக்கோ நிறுவனத்தின் நடுத்தர பாயிண்டின் ஆரம் 914 மிமீ, பெரியதன் ஆரம் 1524 மிமீ. மலையில் நெளிந்து போகும் பாதை என்று பெயர் வாங்கியதைவிட நடுத்தர பாயிண்ட் இறுக்கமானது! இடம் இருந்தால் பெரியதையே போடுவது நல்லது. இந்த பீக்கோ பாயிண்டுகள் வருவது இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலிருந்து. தலவாக்கலைப் பக்கம் டெவன் அருவியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பெட்டியின் மேல் அந்தப் பெயரைக் கண்டால் சிரிப்பு வரலாம்.

இன்னொரு தெரிவும் உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு இரண்டரை அடி அகலத்தில் ஒரு குறும்பாதை இருந்தது. தேயிலைப் பெட்டி இறக்கவும் அரிசி ஏற்றவும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்டது. லொறிகளோடு போட்டியிட முடியாமல் 1940இல் மூடப்பட்டது. அதன் 762 மிமீ அகலம் ஓஓ அளவில் சரியாக 10 மிமீ ஆகிறது. 9 மிமீ தண்டவாளம் எளிதில் கிடைப்பதால் இந்தப் பாதையைச் செய்பவருக்கு அகலத்தில் பெரிய மனக்குறை வராது. ஆனால் குறும்பாதை எஞ்சின்கள் குட்டையானவை. பாயிண்டின் மின்சாரக் கோளாறு முதலில் காட்டிக்கொடுப்பது அவற்றைத்தான். 1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம்2 போன்ற ஆறச்சு டீசல் எஞ்சினின் மாதிரி, முன்னும் பின்னும் பல சக்கரங்களால் கரண்டை எடுக்கும். ஓரிரு சக்கரம் கரண்ட் இல்லாத செத்த இடத்தில் நின்றாலும் மற்றவை இழுத்துப் போய்விடும். நான்கு சக்கரக் குட்டி எஞ்சினுக்கு அந்த வசதி கிடையாது.

பாயிண்டுக்குள் நடப்பது

இரு தண்டவாள முறையில் ஒரு தண்டவாளம் சிவப்பு வயரோடும் மற்றது கறுப்பு வயரோடும் இணைந்திருக்கும். சக்கரங்கள் இரண்டிலிருந்தும் எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். சிவப்பும் கறுப்பும் சந்திக்காத வரை சிக்கலே இல்லை. பாயிண்டில் அவை சந்தித்தே ஆக வேண்டும்.

இடப்பக்கம் பிரியும் பாயிண்ட் ஒன்றை, கோச்சி நுழையும் பக்கத்திலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிப்புறத்தில் இரண்டு பக்கத் தண்டவாளங்கள்: இடது சிவப்பு, வலது கறுப்பு. அவற்றுக்கு நடுவே அசையும் இரண்டு நாக்குகள். நாக்குகளிலிருந்து உள்நோக்கி ஓடும் தண்டவாளங்கள் கொஞ்சம் தள்ளி ஒன்றையொன்று வெட்டுகின்றன. அந்த வெட்டுமிடம்தான் வி வடிவ முனை. நேர்ப்பாதைக்குப் போகும் கோச்சிக்கு இந்த வி முனை இடது தண்டவாளமாகிறது. அப்போது அது சிவப்பாக இருக்க வேண்டும். கிளைப்பாதைக்குத் திரும்பும் கோச்சிக்கு அதே உலோகத் துண்டு வலது தண்டவாளமாகிறது. அப்போது கறுப்பாக இருக்க வேண்டும். ஒரே துண்டு, இரு வேளைக்கு இரு நிறம். மாதிரி ரயில் உலகத்தில் பாயிண்ட் வயரிங் பற்றி எழுதப்பட்ட அத்தனையும் இந்த ஒரு சங்கடத்தைச் சுற்றியே ஓடுகின்றன.

தொழிற்சாலைகள் இதற்கு இரண்டு வழி கண்டன. முதலாவது, வி முனையைப் பிளாஸ்டிக்கிலேயே செய்துவிடுவது. கரண்டே இல்லாத இடத்தில் நிறம் பற்றிய கேள்வி எழாது. வயரிங் வேலையும் மிச்சம். ஆனால் அந்தச் சில மில்லிமீட்டர் செத்த நிலத்தில் குட்டி எஞ்சின் மெதுவாக நுழைந்தால் அங்கேயே படுத்துவிடும். இராகலைப் பாதையைச் செய்பவர் இந்த வகையை வாங்காமலிருப்பதே நல்லது. இரண்டாவது, வி முனையை உலோகத்திலேயே செய்து, எந்த நாக்கு பக்கத் தண்டவாளத்தில் ஒட்டுகிறதோ அதன் வழியாகவே கரண்டை எடுத்துக்கொள்வது. பீக்கோ எலக்ட்ரோஃபிராக் என்று விற்ற வகை இதுதான். பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்திய அன்று மிக நன்றாக ஓடும்.

கோளாறு சில மாதங்களில் தலைகாட்டும். வி முனைக்குப் போகும் முழுக் கரண்டும், மெல்லிய நாக்கின் நுனி பக்கத் தண்டவாளத்தைத் தொடும் ஒரு புள்ளியை நம்பியிருக்கிறது. தூசி, வர்ணத் துளி, பொடிக்கல்லை ஒட்டவைத்த பசை, மலைநாட்டு வீடுகளில் விறகடுப்புப் புகையின் படிவு என்று எது அங்கே அகப்பட்டாலும் தொடர்பு போய்விடும். போதாததற்கு, விலகி நிற்கும் மற்ற நாக்கு, தனக்கு அருகிலுள்ள பக்கத் தண்டவாளத்துக்கு எதிர் நிறத்தில் இருக்கும். சக்கரத்தின் பின்புறம் கடந்து போகையில் அதில் உரசினால் ஷார்ட். ஓஓ சக்கரங்களுக்கு உள்பக்கத்திலிருந்து உள்பக்கத்துக்கு ஏறத்தாழ 14.5 மிமீ இடைவெளி வேண்டும். பழைய பெட்டிகளின் சக்கரங்கள் அதைவிட நெருங்கியிருப்பதுண்டு. ‘இந்த ஒரு பெட்டி போனால் மட்டும் எல்லாம் அணைந்துபோகுது’ என்று யாராவது சொன்னால் முதலில் அளக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

ஆக, நாக்கு சக்கரத்துக்கு வழி காட்டட்டும். கரண்டைச் சுமக்கும் வேலையை அதனிடமிருந்து பிடுங்கி ஒரு சுவிட்சிடம் கொடுத்துவிட வேண்டும். நிஜ ரயில்வேயிலும் பொறுப்புகள் இப்படிப் பிரிந்தே இருக்கின்றன. நெம்புகோலை இழுத்துவிட்டதால் மட்டும் நாக்கு ஒட்டிவிட்டது என்று சிக்னல் ஏற்பாடு நம்பிவிடாது. நாக்கின் நிலையைத் தனியாகச் சரிபார்க்கும் அமைப்பு இருக்கும்.

மேசை மேல் கவிழ்த்து வைத்து

வேலையைப் பாயிண்ட் பலகையில் ஏறுமுன் முடிக்க வேண்டும். ஒட்டியபின் செய்வது மிகக் கடினம். எலக்ட்ரோஃபிராக் பாயிண்டைக் கவிழ்த்துப் பார்த்தால் வி முனைக்குச் சற்று முன்னால், உள் தண்டவாளங்கள் இரண்டிலும் சிறு இடைவெளிகளும், அவற்றைப் பாலம்போல் இணைக்கும் இரண்டு மெல்லிய கம்பிகளும் தெரியும். அந்தக் கம்பிகளை நுனிக் கட்டரால் வெட்டி எடுத்துவிட்டால் வி முனை தனித்துப்போகும். கம்பிகள் இல்லாத பழைய வகையானால், உள் தண்டவாளங்களை மெல்லிய ரம்பத்தால் அதே இடத்தில் வெட்ட வேண்டும்.

அடுத்து, இடது நாக்கின் உள் தண்டவாளத்தை இடது பக்கத் தண்டவாளத்தோடும், வலதை வலதோடும் சிறு கம்பியால் பற்றவைக்க வேண்டும். இதற்கென்றே சிலிப்பர்களின் அடியில் பிளாஸ்டிக் திறந்துவிடப்பட்டிருக்கும். இனி இடது நாக்கு எப்போதும் சிவப்பு, வலது நாக்கு எப்போதும் கறுப்பு. பக்கத்துத் தண்டவாளமும் அதே நிறம் என்பதால் சக்கரத்தின் பின்புறம் உரசினாலும் ஒன்றும் ஆகாது. நாக்கு கீல் போட்டு அசையும் வகையாக இருந்தால் கீலின் வழியாகவும் நுனியின் வழியாகவும் இரண்டு பாதையில் கரண்ட் வரும். ஒன்று அழுக்கானாலும் மற்றது கைகொடுக்கும்.

மூன்றாவது, வி முனையிலிருந்து ஒரு வயர். பீக்கோ அதைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்புவதுண்டு. இல்லையென்றால் வி முனையின் அடியில் ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். இந்த ஒரு கட்டத்தில் அவசரம் கூடாது. தண்டவாளத்தின் அடிப்பகுதியை நுண்ணிய அரத்தால் பளபளப்பாகத் தேய்த்து, முதலில் அதன் மேல் மெல்லியதாக ஈயம் பூச வேண்டும். வயர் நுனிக்கும் தனியாக ஈயம் பூச வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து, நன்றாகச் சூடேறிய அயனை வைத்தால் இரண்டு விநாடியில் ஈயம் கண்ணாடிபோல் மின்னிப் பரவும். உடனே அயனை எடுத்துவிட வேண்டும். சூடு போதாத அயனை வைத்து நெடுநேரம் அழுத்துபவர்தான் சிலிப்பரை உருக்குவார். இரு பக்கமும் ஈரப்பஞ்சை வைத்துக்கொண்டால் சூடு ஓடாது. ஈயம் மங்கலாக, உருண்டையாக நின்றால் அது ஒட்டவில்லை என்று அர்த்தம். இழுத்துப் பார்த்தால் கையோடு வரும்.

பீக்கோவின் யூனிஃபிராக் என்ற புதிய வகையில் நாக்கும் பக்கத் தண்டவாளமும் முன்னரே இணைக்கப்பட்டிருக்கும். வி முனை தனித்து, தனக்கென ஒரு வயரோடு வரும். கிடைத்தால் வெட்டும் வேலை மிச்சம்.

பலகையில் பொருத்தும்போது வி முனையிலிருந்து வெளியேறும் இரண்டு உள் தண்டவாளங்களிலும் உலோக இணைப்பானுக்குப் பதில் பிளாஸ்டிக் இணைப்பானைப் போட வேண்டும். இதை மறந்தால் மற்ற எல்லாம் வீண். கொட்டகலை போன்ற ஒரு விலகல் நிலையத்தில் இரு முனைப் பாயிண்டுகளின் வி முனைகளும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. நடுவில் உலோகத் தொடர்பு இருந்தால், ஒரு முனையை நேராகவும் மறு முனையைக் கிளையாகவும் வைத்த கணமே சிவப்பும் கறுப்பும் முட்டிக்கொள்ளும். பாயிண்டுக்கு இரண்டாக, மொத்தம் நான்கு பிளாஸ்டிக் இணைப்பான்கள். அவற்றுக்கு இடையே உள்ள நிலையப் பாதைகள் இரண்டும் அதனால் துண்டிக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் தனி வயர் இறக்க வேண்டும்.

உலோக இணைப்பான்கள் இருக்கும் இடத்திலும் அவற்றை நம்பி கரண்ட் அனுப்பாமலிருப்பதே உத்தமம். அவை தண்டவாளத்தை நேராகப் பிடித்துக்கொள்ள மட்டும். துண்டுக்கு ஒரு சோடி வயர் என்று இறக்கி, பலகைக்கு அடியில் ஓடும் தடித்த பிரதான வயரில் சேர்த்துவிடலாம். இறங்கும் வயர் 0.22 சதுர மிமீ போதும், நீளம் ஒரு சாணுக்குள் இருக்கட்டும். பிரதான வயர் வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மிமீ. இந்த வித்தியாசம் வெறும் சம்பிரதாயமல்ல: ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்பும் மெல்லிய வயரில் மூன்று ஆம்பியர் ஓடினால் 2.3 வோல்ட் வழியிலேயே தொலையும். தடித்த வயரில் தொலைவது 0.35 வோல்ட். 12 வோல்ட்டில் ஓடும் எஞ்சின் 44க்கு ஒன்று என்ற ஏற்றத்தில், மெயின் லைனின் அதே ஏற்றத்தில், பெட்டிகளை இழுக்கும்போது அந்த இரண்டு வோல்ட்டின் அருமை தெரியும்.

நிறம் மாற்றும் சுவிட்ச்

மூன்று கால் கொண்ட எந்த மாற்று சுவிட்சும் போதும். நடுக்கால் வி முனைக்கு. வெளிக்கால்கள் இரண்டும் சிவப்புக்கும் கறுப்புக்கும். பாயிண்ட் எப்போது அசைகிறதோ அப்போதே சுவிட்சும் மாற வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

மிக மலிவான வழி, கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சில்லறையாகக் கிடைக்கும் ஸ்லைட் சுவிட்ச். அதைப் பலகைக்கு அடியில் திருகி, அதன் குமிழில் துளையிட்டு, ஒரு எஃகுக் கம்பியை மேலே ஏற்றிப் பாயிண்டின் அசைவுச் சட்டத்தில் மாட்டிவிட்டால், ஒரே இழுப்பில் நாக்கும் நகரும், நிறமும் மாறும். பாயிண்டுக்குள் இருக்கும் சிறு வில்லைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டும் மல்லுக்கட்டும். கரண்ட் மோட்டார் இல்லாததால் பழுதாக ஒன்றும் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் பாயிண்டுகள் உள்ள சிறு நிலையத்துக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு தேவையா என்பது சந்தேகமே.

எட்டாத இடத்துக்கு மோட்டார் வேண்டும். சுருள் மோட்டார் படாரென்று அடிக்கும். பொத்தானைக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடித்தால் சுருள் கருகிவிடும். மின்தேக்கியில் சேமித்த கரண்டை ஒரே அடியில் விடும் பெட்டியை இடையில் வைத்தால் அந்தப் பயம் இல்லை. டோர்டாய்ஸ் போன்ற மெதுவான மோட்டாருக்குள் மாற்று சுவிட்சுகள் இரண்டு ஏற்கனவே உள்ளன; ஒன்று வி முனைக்கு, மற்றது பலகையில் எரியும் விளக்குக்கு. பொம்மை விமானங்களில் வரும் ஒன்பது கிராம் சர்வோவும் நல்ல வேலைக்காரன், ஆனால் மைக்ரோ சுவிட்சைத் தனியாகப் பொருத்த வேண்டும்.

கோச்சியை வைக்குமுன் மீட்டரை எடுக்க வேண்டும். கரண்டை நிறுத்தி, பிரதான வயரையும் பிடுங்கிவிட்டு, மீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ஒரு முனையை வி முனையிலும் மறு முனையை இடது பக்கத் தண்டவாளத்திலும் பிடித்தால், பாயிண்ட் நேராக இருக்கும்போது ஒலிக்க வேண்டும். கிளைக்கு மாற்றினால் அடங்கி, வலது தண்டவாளத்தில் ஒலிக்க வேண்டும். தலைகீழாக வந்தால் சுவிட்சின் வெளிக்கால் வயர்கள் இரண்டையும் இடம் மாற்றினால் தீர்ந்தது. இரண்டிலும் ஒலித்தால் எங்கோ ஒரு பிளாஸ்டிக் இணைப்பான் விடுபட்டிருக்கிறது, அல்லது ஒரு ஈயச் சொட்டு இடைவெளியை அடைத்திருக்கிறது.

சாதாரண 12 வோல்ட் டீசி முறையில் ஓட்டுபவர் ஒன்றை இழக்கிறார். பெட்டியிலிருந்து வந்தபடியே போட்ட பாயிண்ட், தான் காட்டும் பாதைக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும். பக்கப் பாதையில் நிறுத்திய எஞ்சின் அசையாமல் நிற்கும். எல்லாத் துண்டுக்கும் தனி வயர் இறக்கியபின் இரண்டு எஞ்சினும் சேர்ந்து கிளம்பிவிடும். பக்கப் பாதை ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்ச் வைத்தால் போதும். எஞ்சினுக்குள் சிப் வைத்து ஓட்டும் டிசிசி முறையில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே வேறொரு சோதனை அவசியம்: ஒரு நாணயத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே பாதையின் ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். வைத்த மாத்திரத்தில், தண்டவாளத்துக்குக் கரண்ட் தரும் பூஸ்டர் வெட்டினால் வயரிங் சரி. வெட்டாமல் நாணயம் சூடேறினால் அந்த மூலைக்கு இன்னும் ஒரு சோடி வயர் தேவை.

மலைநாட்டுக் குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். தை, மாசி விடியலில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழும். நண்பகலில் 20 பாகையைத் தொடும். ஒரு மீட்டர் தண்டவாளம் அந்த வித்தியாசத்தில் கால் மில்லிமீட்டர் நீளும். ரம்பத்தால் வெட்டிய இடைவெளி அவ்வளவுதான் இருக்கும். காலையில் நன்றாக ஓடியது மத்தியானம் ஷார்ட் ஆகும். வெட்டிய இடைவெளியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகிப் பசையிட்டு, தண்டவாள வடிவத்துக்கு அரத்தால் சீவிவிட வேண்டும். தென்மேற்குப் பருவமழையின்போது மரப்பலகையும் ஊதும். அடிப்பக்கத்துக்கும் சேர்த்து வர்ணம் பூசினால் குறையும். தண்டவாளத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கலாம். மண்காகிதம் கூடாது, அது விடும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு குடியேறும். சித்திரை, ஐப்பசி இடிமழைக் காலங்களில் ஓட்டி முடித்ததும் 230 வோல்ட் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவது நல்லது.

தெமோதரை வளையத்தையும் செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் உண்டு. பாதை சுற்றிக் கீழிறங்கி, தன் நிலையத்துக்கு அடியிலேயே 42ஆம் சுரங்கத்தில் நுழைந்து போவதால், கரண்ட் திரும்பி வந்து முட்டுமோ என்று தயங்குவார்கள். முட்டாது. மேலும் கீழுமாகத் தாண்டிப் போகிறதே தவிர எந்த இடத்திலும் தண்டவாளம் தன்னோடு மறுபடி சேர்வதில்லை. கணக்கில் அது ஒரு நீண்ட நேர்கோடு. எஞ்சினைத் திருப்புவதற்காக மூன்று பாயிண்டுகளால் ஒரு முக்கோணம் போட்டால்தான் சிவப்புத் தண்டவாளம் சுற்றிவந்து கறுப்பில் முடியும். அங்கே ஒரு பக்கத்தின் இரு முனையிலும் இரண்டு தண்டவாளங்களையும் பிரித்து, அந்தத் துண்டுக்கு மட்டும் நிறம் மாற்றும் ஆறு கால் மாற்று சுவிட்ச் ஒன்றையோ, டிசிசி என்றால் தானாக மாற்றும் கருவியையோ வைக்க வேண்டும். பிரித்த துண்டு அங்கே ஓடப்போகும் மிக நீளமான கோச்சியைவிட நீளமாக இருக்க வேண்டும். வெறும் எஞ்சின் மட்டும் திரும்பினால் போதும் என்றால், எஞ்சினின் நீளத்துக்கு மேல் ஒரு சாண் தாராளம்.